விவசாயி முதுகில் இரண்டு பேர்: புரட்சிக்கு முந்தைய பிரான்சில் யாருக்கு என்ன சலுகை?

மாலைநேரத்து_அப்பா | ஞாயிறு, இரவு 9:12

வணக்கம். மகள் ஒன்பதாம் வகுப்பு. செவ்வாய்க்கிழமை சமூக அறிவியல் தேர்வு. பிரெஞ்சுப் புரட்சியை நான் சொல்லித்தருகிறேன் என்று வீராப்பாக உட்கார்ந்து மாட்டிக்கொண்டேன்.

1789இல் வந்த ஒரு கேலிச்சித்திரம் பற்றித்தான் பேச்சு. பலருக்கு நினைவிருக்கும். முதுகு வளைந்த ஒரு கிழ விவசாயி மண்வெட்டியை ஊன்றி நிற்கிறார். அவர் மேல் ஒரு பாதிரியாரும் ஒரு பிரபுவும் உப்புமூட்டை ஏறியிருக்கிறார்கள். காலடியில் முயலும் பறவைகளும் எதையோ கொறிக்கின்றன. முதல் எஸ்டேட் மதகுருமார், இரண்டாவது பிரபுக்கள், மூன்றாவது மற்ற எல்லாரும். முதல் இருவருக்கும் வரி இல்லை, மூன்றாமவர் தலையில்தான் எல்லாம். இவ்வளவுதான் எனக்குத் தெரியும், இதைச் சொல்லிக்கொடுத்தேன்.

அவள் இரண்டு கேள்வி கேட்டாள். "மூணாவது எஸ்டேட்ல பேங்க் வச்சிருந்தவனும் இருந்தான்னு சொல்றீங்க. அவ்வளவு காசு இருக்கிறவன் ஏன் கீழ நிக்கணும்? அவனும் மேல ஏறிக்கலாமே?" அப்புறம், "அந்த முயல் எதுக்குப்பா?"

இரண்டுக்கும் என்னிடம் பதில் இல்லை. தெரிந்தவர்கள் உதவுங்கள்.

---

புதுவைக்காரி | ஞாயிறு, இரவு 9:40

முயலை நான் எடுத்துக்கொள்கிறேன், அது சுலபம்.

வேட்டையாடுவது பிரபுக்களுக்கு மட்டுமே உரிய உரிமை. தன் வயலில் முயல் புகுந்து கோதுமையைத் தின்றாலும் விவசாயி அதை அடித்துக் குழம்பு வைக்க முடியாது, பிடிபட்டால் தண்டனை. பறவைக்கும் அதே கதைதான். புறாக்கூண்டு வைக்கும் உரிமை பெரும்பாலும் ஊர்ப் பிரபுவுக்கு. கூண்டு என்றதும் நம் மொட்டைமாடி மரப்பெட்டியை நினைக்காதீர்கள். கல்லில் கட்டிய உருண்டைக் கோபுரம், உள்சுவர் முழுக்க நூற்றுக்கணக்கான பொந்துகள். விதைத்துவிட்டு வீடு போய்ச் சேருமுன் அத்தனையும் வயலில் இறங்கியிருக்கும். பாரிசைச் சுற்றி அரசர் வேட்டையாடிய நிலப்பகுதிகளில் இன்னும் மோசம்: கவுதாரி அடைகாப்பது கெட்டுவிடக் கூடாதென்று களை எடுக்கவும் புல் அறுக்கவும்கூடக் கட்டுப்பாடு இருந்தது.

1789 ஆகஸ்டில் தேசிய சட்டமன்றம் நிலப்பிரபுத்துவத்தை ஒழித்துப் போட்ட ஆணையை எடுத்துப் பாருங்கள். முதல் பிரிவில் "ஒழித்தாயிற்று" என்ற அறிவிப்பு. இரண்டாவது பிரிவே புறா! மூன்றாவது வேட்டை. ஊர் ஊராக எழுதி அனுப்பிய குறைகளில் அது அவ்வளவு இருந்தது.

ஒரு சின்ன விஷயம். நம் பாடநூலில் டெய்லே என்று போட்டிருக்கும் அந்த நேரடி வரியை பிரெஞ்சுக்காரர் கிட்டத்தட்ட "தாய்" என்றுதான் உச்சரிப்பார்கள். தமிழில் அப்படி எழுதினால் "தாயை ஒழிக்க வேண்டும் என்று மக்கள் கோரினர்" என்று வந்து தொலைக்கும். அதனால் டெய்லே இருக்கட்டும், நான் சண்டைக்கு வரவில்லை.

---

பழம்புத்தகம் | ஞாயிறு, இரவு 10:31

பெண்ணின் முதல் கேள்விதான் இந்த விஷயத்தின் கழுத்து. ஒரே வரியில் பதில்: ஏறினான். காசு கொடுத்து ஏறினான்.

பிரான்சில் அரசுப் பதவிகள் விற்பனைக்கு இருந்தன. நீதிபதிப் பதவி, கணக்கர் பதவி, இப்படி. 1604 முதல் பதவி மதிப்பில் அறுபதில் ஒரு பங்கை வருடா வருடம் கட்டினால் அதை மகனுக்கு விட்டுச் செல்லலாம், விற்கலாம். நிலம் மாதிரி ஒரு சொத்து. இதில் சில பதவிகளுக்கு இலவச இணைப்பாகப் பிரபுப் பட்டமும் உண்டு. மிகப் பிரபலமானது "அரசரின் செயலர்". ஒருவர் இருவர் இல்லை, நூற்றுக்கணக்கான செயலர்கள். வேலை என்று பார்த்தால் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. 20 வருடம் பதவியில் இருக்க வேண்டும், அல்லது பதவியில் இருக்கும்போதே சாக வேண்டும். இரண்டில் எது நடந்தாலும் வாரிசுகள் நிரந்தரப் பிரபுக்கள். அதனால் வயதான பணக்காரர்கள் வாங்கினால் குடும்பத்துக்குச் சீக்கிரம் பலன்!

1780களில் இதன் விலை ஏறக்குறைய 1,20,000 லிவ்ர். கூலிக்காரனுக்கு நாளுக்கு ஒரு லிவ்ர் அளவில் கிடைத்த காலம் அது. விடுமுறையே இல்லாமல் 300 வருடத்துக்கு மேல் உழைத்தால் அவனும் வாங்கலாம். ஊர் இதற்கு வைத்த பெயர் "பாமரன் சோப்பு": தேய்த்துக் குளித்தால் கீழ்ப்பிறப்பு போய்விடும்.

கடிகாரம் செய்பவரின் மகனான பொமார்ஷே, பின்னாளில் நாடகக்காரராகப் பெயர் எடுத்தவர், 1761இல் இந்தப் பதவியை வாங்கினார். ஒரு வழக்கில் எதிராளி அவருடைய பிரபுத்துவத்தைக் கிண்டல் செய்தபோது அவர் சொன்ன பதில்: என் பட்டத்தை யாரும் மறுக்க முடியாது, என்னிடம் ரசீது இருக்கிறது.

ஆகவே அந்தப் படத்தில் ஒரு குறை உண்டு. மூன்று பேரும் கல்லில் செதுக்கியது போல அசையாமல் இருக்கிறார்கள். நிஜத்தில் கீழே நின்றவர்களில் வசதியானவன் ஏணி தேடிக்கொண்டிருந்தான். சலுகைகளும் ஒரே போர்வை இல்லை, ஒட்டுப்போட்ட துணி மாதிரி ஆளுக்கொரு துண்டு.

---

கணக்குப்பிள்ளை_62 | திங்கள், காலை 6:05

நான் வரி வசூல் துறையில் 31 வருடம் ஓட்டி ஓய்வு பெற்றவன். "பிரபுக்கள் வரியே கட்டவில்லை" என்று எங்கே பார்த்தாலும் கை அரிக்கும்.

டெய்லே வரியிலிருந்து அவர்களுக்கு விலக்கு, உண்மை. அதுவும் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இல்லை. வடக்கில் வரி ஆளைப் பார்த்தது: நீ பிரபுவா, விலக்கு. தெற்கே லாங்டாக், ப்ரொவான்ஸ் பக்கம் வரி நிலத்தைப் பார்த்தது. பாமர நிலம் என்று பதிவானதை ஒரு பிரபு வைத்திருந்தால் அவரும் கட்ட வேண்டும். பிரபு நிலம் என்று பதிவானதை ஒரு வியாபாரி வாங்கினால் அவருக்கு விலக்கு. ஒரே ராஜ்ஜியம்தான்.

1695இல் பதினான்காம் லூயி தலைவரி கொண்டுவந்தார். எல்லாரும் கட்ட வேண்டியது. நாட்டு மக்களை 22 வகுப்பாகப் பிரித்தார்கள். முதல் வகுப்பில் பட்டத்து இளவரசர், 2,000 லிவ்ர். கடைசி வகுப்பில் கூலியாள், 1 லிவ்ர். என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது வேறு: பட்டத்து இளவரசரோடு அதே முதல் வகுப்பில் வரிக் குத்தகைதாரர்களையும், அதாவது அரசுக்காக வரி வசூலிக்கும் உரிமையைக் குத்தகைக்கு எடுத்தவர்களையும், போட்டிருந்தார்கள்! ரத்தம் எவ்வளவு நீலம் என்பதைப் பெட்டியில் எவ்வளவு காசு என்பதோடு கலந்து எடை போட்ட பட்டியல் அது. 1749இல் வருமானத்தில் இருபதில் ஒரு பங்கு வரி வந்தது. அதுவும் எல்லாருக்கும் பொது.

சரி, கட்டினார்களா? இங்கேதான் தொழில்முறை அனுபவம் பேசுகிறது. கட்டினார்கள், ஆனால் தங்கள் வருமானம் இவ்வளவுதான் என்று அவர்களே சொல்லிக் கட்டினார்கள். மதிப்பீடு செய்யும் அதிகாரி அவர்கள் வீட்டு விருந்தாளி. மதகுருமார் இன்னும் கெட்டிக்காரர்கள். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை கூடி, "மனமுவந்த நன்கொடை" என்ற பெயரில் ஒரு தொகையைத் தாங்களே முடிவு செய்து அரசரிடம் கொடுத்தார்கள். தலைவரியை 1710இல் 2 கோடியே 40 லட்சம் லிவ்ர் மொத்தமாகக் கட்டி ஒரேயடியாகக் கழற்றிவிட்டார்கள்.

விவசாயிக்கு எப்படி என்றால்: அரசாங்கம் ஒரு ஊருக்கு மொத்தத் தொகையைச் சொல்லும். யார் எவ்வளவு என்று ஊரிலேயே ஒருவரை வசூல்காரராகப் போட்டுப் பிரிக்க வேண்டும். குறைந்தால் அவர் கைக்காசு, இல்லாவிட்டால் சிறை. அவரோ அடுத்த வீட்டுக்காரர். வாசலில் கோழி எத்தனை, பையன் புதுச்சட்டை போட்டானா, இதைப் பார்த்துத்தான் வரி போடுவார். காசு இருந்தாலும் கந்தலாக இருப்பதே புத்திசாலித்தனம்.

---

நெருப்புக்கோழி | திங்கள், காலை 8:52

எல்லாரும் நன்றாக எழுதுகிறீர்கள். ஆனால் இந்த இழை போகும் போக்கைப் பார்த்தால் இன்னும் நாலு பதிவில் "பாவம் பிரபுக்கள்" என்று முடிந்துவிடும் போலிருக்கிறது. "ஏணி இருந்தது" என்கிறீர்கள். இரண்டே முக்கால் கோடிப் பேர் இருந்த நாட்டில் அந்த ஏணியில் எத்தனை பேர் கால் வைத்தார்கள்? பெருங்கூட்டம் விவசாயிகள். பாடநூல் படம் வரைந்தது அவர்களைப் பற்றி.

1789 ஜூலை 12, பாரிசின் பாஸ்டில் சிறைக்கோட்டை மக்களிடம் விழுவதற்கு இரண்டு நாள் முன். ஆர்தர் யங் என்ற ஆங்கிலேயர், வேளாண்மை பற்றி எழுதுபவர், கிழக்குப் பிரான்சில் ஒரு நீண்ட மேட்டில் குதிரைக்குச் சிரமம் வேண்டாமென்று இறங்கி நடக்கிறார். ஒரு பெண் கூட நடந்து வருகிறாள். துண்டு நிலம், ஒரு பசு, நோஞ்சான் குதிரை ஒன்று, ஏழு குழந்தைகள். பசும்பால்தான் சூப்புக்கு ஆதாரம். ஒரு பிரபுவுக்கு 42 பவுண்டு கோதுமையும் மூன்று கோழியும்; இன்னொருவருக்கு ஓட்ஸ், ஒரு கோழி, ஒரு சூ நாணயம்; இதற்கு மேல் டெய்லே. பக்கத்திலிருந்து பார்த்தால் 60, 70 வயது சொல்லலாம், அப்படி வளைந்த உடம்பு, சுருங்கிய முகம். கேட்டால் வயது 28.

அந்தக் கோழிகளைக் கவனியுங்கள். அது அரசு வரி இல்லை. பிரபுவுக்குக் கொடுப்பது. இது தவிர பிரபுவின் ஆலையில்தான் மாவரைக்க வேண்டும், அவர் அடுப்பில்தான் ரொட்டி சுட வேண்டும், அவர் ஆலையில்தான் திராட்சை பிழிய வேண்டும், ஒவ்வொன்றுக்கும் கட்டணம். சில ஊர்களில் விளைச்சலில் ஒரு பங்கு. நிலத்தை விற்றால் விலையில் ஒரு பங்கு. தேவாலயத்துக்குத் தசமபாகம் தனி. சாலை போட 1738 முதல் வருடத்தில் சில நாள் சம்பளம் இல்லாத வேலை. அந்தச் சாலையில் கோச்சு வண்டியில் போவது யார்?

இதெல்லாம் "ஒட்டுப்போட்ட சலுகைகள்" இல்லை. முதுகில் ஏறியிருப்பதுதான்.

---

வழிப்போக்கன் | திங்கள், காலை 9:20

இதைப் படிக்கும்போது நம்ம ஊர்ல...

---

மட்டுறுத்துநர் | திங்கள், காலை 9:31

வேண்டாம். ஆரம்பித்தால் இழை 40 பக்கம் போகும், அந்தக் குழந்தை செவ்வாய்க்கிழமை தேர்வு எழுதாது. பிரான்சிலேயே நிற்போம்.

---

பழம்புத்தகம் | திங்கள், மதியம் 1:15

நெருப்புக்கோழி, ஒப்புக்கொள்கிறேன். ஏணியைப் பற்றி எழுதும் உற்சாகத்தில் சுமையை விட்டுவிட்டேன். அந்த 28 வயதுப் பெண்ணுக்கு ஏணி இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றுதான்.

ஆனால் ஒன்று. "சலுகை" என்ற சொல்லே நம்மை ஏமாற்றுகிறது. மூல லத்தீன் சொல்லுக்கு ஏறக்குறைய "தனிச்சட்டம்" என்று பொருள். அன்றைய பிரான்சில் அது பிரபுவின் சட்டைப்பையில் மட்டும் இருக்கவில்லை. பாரிஸ் நகரவாசிகளுக்கு டெய்லே கிடையாது, தையல்காரனாக இருந்தாலும். கைத்தொழில் சங்கங்களுக்குத் தனியுரிமை: உறுப்பினர் அல்லாதவன் அந்த ஊரில் ரொட்டி சுட்டு விற்க முடியாது, செருப்பு தைக்க முடியாது. பிரித்தானி மாகாணத்துக்கு உப்பு வரி இல்லை. கொஞ்சமாவது வைத்திருந்தவன் அந்தக் கொஞ்சத்தை விடவில்லை. 1776இல் அமைச்சர் துர்கோ சங்கங்களையும் சாலை வேலையையும் ஒழித்தார். பாரிஸ் உயர்நீதிமன்றம் வரிந்துகட்டிக்கொண்டு எதிர்த்தது, சில மாதங்களில் துர்கோ வீட்டுக்குப் போனார், இரண்டும் திரும்ப வந்தன. அந்த நீதிபதிகள் பலருடைய முன்னோர் பதவி வாங்கி ஏறியவர்கள்தான் என்பதை நினைவில் வையுங்கள்.

மறுபக்கம், எல்லாப் பிரபுவும் அரசரின் வெர்சாய் அரண்மனையில் நடனமாடவில்லை. பிரித்தானியில் பரம ஏழைப் பிரபுக்கள் உண்டு. கைத்தொழிலோ சில்லறை வியாபாரமோ செய்தால் பட்டம் போய்விடும், செய்யாவிட்டால் சோறு இல்லை. பிரித்தானிக்காரர்கள் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள்: பட்டத்தைத் "தூங்கவைப்பது". வியாபாரம் செய்யும் காலம் வரை பட்டம் தூங்கும், வரியும் கட்ட வேண்டும். போதுமான காசு சேர்ந்ததும் தட்டி எழுப்பிக்கொள்ளலாம். அரசு அலுவலகத்தில் நாம் போடும் சம்பளமில்லா விடுப்பு மாதிரி.

---

கணக்குப்பிள்ளை_62 | திங்கள், மாலை 4:48

உப்பு என்று பழம்புத்தகம் தொட்டுவிட்டுப் போய்விட்டார். அதை இப்படி விட முடியாது. படத்தில் விவசாயி உப்புமூட்டை தூக்குகிறார் என்று நம் நண்பர் எழுதினாரே, நிஜ உப்புதான் அவரைக் கொன்றது.

கபெல் என்கிற உப்பு வரி. நாடு ஆறு மண்டலமாகப் பிரிந்திருந்தது. பாரிசைச் சுற்றிய பெரிய மண்டலத்தில் உப்பு விலை உச்சம். பக்கத்துப் பிரித்தானியில் வரி இல்லாததால் அதே உப்பு இருபதில் ஒரு பங்கு விலைக்கும் கீழே. நடுவில் ஒரு மாகாண எல்லை, அவ்வளவுதான்.

விலை அதிகம், வாங்காமல் இருப்போம் என்றால் அதுவும் முடியாது. பெரிய மண்டலத்தில் எட்டு வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொருவருக்கும் வருடத்துக்கு ஏழு பவுண்டு கட்டாயம் வாங்க வேண்டும். பெயரே "கடமை உப்பு". இன்னும் கேளுங்கள்: அந்த உப்பைச் சமையலுக்கும் மேஜைக்கும்தான் பயன்படுத்தலாம். குளிர்காலத்துக்குப் பன்றி இறைச்சியை உப்புக்கண்டம் போட வேண்டுமா, தனியாக வேறு உப்பு வாங்கு, ரசீது வை. சமையல் உப்பு மீந்தது, அதைக் கறிக்குத் தடவினேன் என்றால் குற்றம். நான் என் பணிக்காலத்தில் எத்தனையோ அபத்தமான விதிகளை அமல்படுத்தியிருக்கிறேன், ஒன்றிரண்டில் நானே கையெழுத்துப் போட்டு மனம் கூசியிருக்கிறேன். இந்த அளவுக்கு எதையும் பார்க்கவில்லை.

விளைவு கடத்தல். பிரித்தானி எல்லையில் நாய்களைப் பழக்கினார்கள்: இந்தப் பக்கம் பட்டினி போட்டு, அந்தப் பக்கம் சோறு போட்டு, முதுகில் உப்பு கட்டி இரவில் விட்டுவிட்டால் ஓடிவிடும். ஆண்கள் பிடிபட்டால் துடுப்புக் கப்பல் தண்டனை. வசூலித்தது அரசு ஊழியர் இல்லை, அரசோடு ஆறு வருட ஒப்பந்தம் போட்ட குத்தகைக் கம்பெனி. அதன் காவலாளிகளுக்கு வீடு புகுந்து பானையைத் திறந்து பார்க்கும் அதிகாரம் இருந்தது.

சலுகை எங்கே வருகிறது? பிரபுக்கள், மடங்கள், அதிகாரிகள் எனப் பலருக்கு வரியில்லா உப்பு வீடு தேடி வந்தது. அதுவும் ஒரு கௌரவ அடையாளம்.

---

புதுவைக்காரி | திங்கள், மாலை 5:30

அதே குத்தகைக் கம்பெனிதான் 1780களில் பாரிசைச் சுற்றிச் சுவர் எழுப்பியது. ஊருக்குள் வரும் மதுவுக்கும் விறகுக்கும் நுழைவரி தப்பிவிடக் கூடாதென்று. அதற்கு ஒரு தெருப்பாட்டு வரி: "ல மூர் மூரான் பாரி ரான் பாரி மூர்முரான்". பாரிசை அடைத்த சுவர் பாரிசை முணுமுணுக்க வைக்கிறது. மூர் என்றால் சுவர், மூர்முரான் என்றால் முணுமுணுப்பது. தமிழில் முறுமுறுப்பு என்றாலே ஓசை கிட்டத்தட்ட வந்துவிடுகிறது பாருங்கள்! பாஸ்டிலுக்கு முன்பே ஜூலை 12, 13இல் கூட்டம் கொளுத்தியது இந்தச் சுங்கச்சாவடிகளைத்தான். சுவர் யோசனையில் பங்குள்ள வேதியியல் அறிஞர் லவாசியே குத்தகைதாரர்களில் ஒருவர். 1794 மே மாதம் சக குத்தகைதாரர்களோடு கில்லட்டின் என்ற தலைவெட்டும் இயந்திரத்துக்குப் போனார்.

கில்லட்டின் என்றதும் இன்னொரு சலுகை ஞாபகம் வருகிறது. எங்கள் ஊர் சம்பந்தப்பட்டது. 1761இல் புதுச்சேரியை ஆங்கிலேயரிடம் ஒப்படைத்த தளபதி லாலி பிரபு. தேசத்துரோகி என்று பாரிசில் வழக்கு நடத்தி 1766 மே மாதம் கொன்றார்கள். வாயில் துணி அடைத்துக் கூட்டிப்போனார்கள். ஆனால் தூக்கில் போடவில்லை, தலையை வெட்டினார்கள். முதல் வெட்டு சரியாக விழவில்லை என்பது வேறு கதை. பிரபு என்றால் சிரச்சேதம். திருடிய வேலைக்காரன் என்றால் கயிறு. வழிப்பறிக் கொலைகாரன் என்றால் சக்கரத்தில் கட்டி எலும்பை முறிப்பது. சாவிலும் வகுப்பு.

சும்மா பெருமைக்கு இல்லை இது. 1720இல் ஹோர்ன் பிரபு என்ற இளைஞன் பங்குச்சந்தைத் தெருவில் ஒருவரைப் பணத்துக்காகக் கொன்றான். உறவினர்கள் ஆட்சிப் பொறுப்பாளரிடம் மன்றாடியது உயிருக்காக மட்டும் இல்லை: "கொல்வதானால் தலையை வெட்டுங்கள், சக்கரம் வேண்டாம்" என்றும்தான். சக்கரத்தில் செத்தவன் குடும்பம் என்ற களங்கம் தலைமுறைக்கும் நிற்கும், பெண்களுக்கு உயர்ந்த மடங்களில்கூட இடம் கிடைக்காது. கேட்கவில்லை, சக்கரம்தான்.

1789 அக்டோபரில் மருத்துவர் கில்லட்டின் சட்டமன்றத்தில் முன்வைத்ததன் சாரம், ஒரே குற்றத்துக்கு ஒரே தண்டனை, யாராக இருந்தாலும். பிரபுவின் சாவை எல்லாருக்கும் பொதுவாக்கினார். 1792 ஏப்ரலில் அந்த இயந்திரம் முதலில் வெட்டியது ஒரு வழிப்பறிக்காரனை.

---

நெருப்புக்கோழி | திங்கள், இரவு 7:10

லாலி விஷயம் தெரியாது, நன்றி அக்கா.

முதல் எஸ்டேட்டை யாரும் தொடவில்லையே. அங்கேயும் ஒரு படம் இரண்டாகக் கிழிகிறது. ஸ்ட்ராஸ்பூர் ஆயர் கர்தினால் ரொஹானுக்கு வருடத்துக்கு 4 லட்சம் லிவ்ர் வருமானம் என்பார்கள். கிராமத்துப் பங்குச் சாமியாருக்கு? தசமபாகம் மடத்துக்கோ ஆயருக்கோ போய்விடும். பூசை வைத்து, செத்தவனைப் புதைத்து, ஞானஸ்நானப் பதிவேடு எழுதும் அவருக்கு அதில் கிள்ளிக் கொடுத்தது 1768 முதல் 500 லிவ்ர், 1786இல் 700. 1789 வாக்கில் ஆயர்கள் ஏறக்குறைய எல்லாருமே பிரபு வீட்டுப் பிள்ளைகள். பங்குச் சாமியார்கள் பெரும்பாலும் கைத்தொழில், விவசாயக் குடும்பத்தவர். ஒரே அங்கி, உள்ளே வேறு வேறு வயிறு.

---

பழம்புத்தகம் | திங்கள், இரவு 8:44

அந்த வயிறுதான் 1789இல் கணக்கைத் தீர்த்தது. நெருப்புக்கோழி சரியான இடத்தில் நிறுத்தினீர்கள்.

1614க்குப் பிறகு 175 வருடம் கூடாத மூன்று எஸ்டேட் சபை 1789 மே 5 அன்று வெர்சாயில் கூடியது. கூடியதற்குக் காரணம் கருணை இல்லை, கடன். 1788 கணக்கின்படி அரசின் செலவில் ஏறக்குறைய பாதி கடனுக்கே போனது. முந்தைய வருடம் அமைச்சர் கலோன் எல்லாருக்கும் பொதுவான நிலவரி என்று முக்கியஸ்தர்களைக் கூட்டிக் கேட்டார், அவர்கள் கைவிரித்தார்கள்.

ஊர்வலத்துக்கே சீருடை விதி. பிரபுக்களுக்குத் தங்கச் சரிகை, இறகு வைத்த தொப்பி. மூன்றாம் எஸ்டேட்டுக்குச் சாதாரணக் கறுப்பு. யோசித்துப் பாருங்கள்: வந்தவர்களில் பெரும்பாலோர் வக்கீல்கள், அதிகாரிகள். வெல்வெட் வாங்கக் காசு இருந்தவர்கள். அவர்களைக் கறுப்பில் நிற்கவைத்தார்கள். "ஏணி" பற்றி நான் எழுதியதற்கு இன்னொரு பாதி இங்கே இருக்கிறது. சோப்பு வாங்கிக் குளித்தவனையும் மேலே இருந்தவன் முகர்ந்து பார்த்தான். 1760இல் அரசவையில் அறிமுகமாக வேண்டுமானால் 1400ஆம் ஆண்டிலிருந்தே பிரபுக் குடும்பம் என்று நிரூபிக்க வேண்டும் என்று விதி வந்தது. 1781இல் நான்கு தலைமுறைப் பிரபுத்துவம் இல்லாதவன் ராணுவத்தில் நேரடியாக அதிகாரி ஆக முடியாது என்றார்கள். 1,20,000 கொட்டிய வியாபாரியின் மகனுக்கு அந்தக் கதவு சாத்தியாயிற்று. கீழே நிற்பதே பழகியவனை விட, பாதி ஏணியில் காலை மிதித்து இறக்கப்பட்டவன் அதிகம் கோபப்படுவான் என்று நினைக்கிறேன். மற்றவர்கள் மறுக்கலாம்.

சபையில் சண்டை எதற்கு? வாக்கு எஸ்டேட்டுக்கு ஒன்றா, தலைக்கு ஒன்றா. எஸ்டேட்டுக்கு ஒன்று என்றால் எப்போதும் இரண்டுக்கு ஒன்று. மதகுருமார் பிரதிநிதிகள் சுமார் 300 பேரில் 200க்கு மேல் பங்குச் சாமியார்கள். ஜூன் 13 அன்று புவாத்து பகுதியிலிருந்து மூன்று சாமியார்கள் எழுந்து மூன்றாம் எஸ்டேட் மண்டபத்துக்கு நடந்தார்கள். பின்னால் மற்றவர்கள். முதுகில் இருந்த இருவரில் ஒருவரின் பாதி உடம்பு இறங்கிவிட்டது. மூன்றாம் எஸ்டேட்டே தேசம் என்று அந்த ஜனவரியில் எழுதிய சியேயும் ஒரு மதகுருதான். மூன்றாம் எஸ்டேட்டில் உட்கார்ந்து கர்ஜித்த மிராபோ ஒரு பிரபு.

---

நெருப்புக்கோழி | திங்கள், இரவு 9:25

மறுக்கிறேன். வக்கீல் மனக்காயத்தால் மட்டும் சபை அசையவில்லை. ஆகஸ்ட் 4 இரவு எல்லாரும் அழுதுகொண்டே சலுகைகளைத் துறந்தார்களே, அதற்கு முந்தைய மூன்று வாரம் கிராமங்களில் மாளிகை மாளிகையாகப் புகுந்து பழைய பத்திரங்களைக் கொளுத்திக்கொண்டிருந்தார்கள். புகை வெர்சாய் வரை வந்தது. முதலில் எழுந்து "துறப்போம்" என்ற நொவாய் பிரபுவுக்குத் துறக்கச் சொத்தே பெரிதாக இல்லை. ஷார்த்ர் ஆயர் வேட்டை உரிமையை ஒழிக்கலாம் என்றார். ஷாத்லே கோமகன் "எங்கள் வேட்டையைப் பிடுங்குகிறாரா, நான் அவர் தசமபாகத்தைப் பிடுங்குகிறேன்" என்று அதை ஒழிக்க முன்மொழிந்தார். அடுத்தவன் பாக்கெட்டிலிருந்து தானம்! விடிந்து எழுதும்போது பல பாக்கிகளைக் காசு கொடுத்து மீட்டுக்கொள்ளலாம் என்று ஆக்கிவிட்டார்கள். இனாமாக ஒழிந்தது 1793 ஜூலையில்தான். அந்தப் பெண்ணின் கோழி இன்னும் நாலு வருடம் ஆபத்தில்.

---

பழம்புத்தகம் | திங்கள், இரவு 9:50

மறுப்பு ஏற்கப்பட்டது. ஒன்று மட்டும் சேர்க்கிறேன்: அதே இரவில் மாகாணங்களும் நகரங்களும்கூட வரிசையில் வந்து தங்கள் தனிச்சட்டங்களை மேஜையில் வைத்தன. எனவே ஒட்டுத்துணி என்று நான் சொன்னதை முழுக்க வாபஸ் வாங்கவில்லை.

---

மாலைநேரத்து_அப்பா | செவ்வாய், மாலை 6:20

எல்லாருக்கும் நன்றி. தேர்வு முடிந்தது. 5 மதிப்பெண் கேள்வி: "பிரெஞ்சுச் சமூகத்தின் மூன்று பிரிவுகளை விவரி." மூன்றையும் ஒழுங்காக எழுதிவிட்டு, கீழே இடம் இருந்ததால் சோப்பையும் உப்பு நாயையும் எழுதினாளாம். ஆசிரியர் என்ன போடுவாரோ.

வீட்டுக்கு வந்து பையைக் கூட வைக்கவில்லை, அடுத்த கேள்வி. "எல்லா பட்டத்தையும் ஒழிச்சுட்டாங்கல்ல, அப்ப ரசீது வச்சிருந்தவங்களுக்குக் காசு திரும்பக் கிடைச்சுதா?"

---

கணக்குப்பிள்ளை_62 | செவ்வாய், மாலை 7:02

கெட்டிக்காரி. வருவாய்த்துறைக்கு எடுத்துக்கொள்ளலாம்.

கிடைத்தது. பதவி விற்பனையை ஆகஸ்ட் 4 இரவே நிறுத்தினார்கள், ஆனால் வாங்கியவர்களுக்கு ஈடு தருவோம் என்று ஏற்றுக்கொண்டார்கள். பரம்பரைப் பட்டங்கள் 1790 ஜூன் 19 அன்று போயின. ஈட்டுத் தொகையைத் தங்கத்தில் கொடுக்கவில்லை, அசிஞா என்ற காகிதத்தில் கொடுத்தார்கள். பறிமுதல் செய்த தேவாலய நிலங்களை ஈடு காட்டி அச்சடித்த நோட்டு. அச்சடித்தார்கள், அச்சடித்தார்கள், 1796 பிப்ரவரியில் பாரிஸ் வாந்தோம் சதுக்கத்தில் அச்சு எந்திரத்தையும் தகடுகளையும் மக்கள் முன்னால் போட்டு அழிக்கும் வரை. அதற்குள் அந்த நோட்டுக்கு ஒரு மதிப்பும் இல்லை.